வீட்டில் ஒருவருக்கு பி.எக்ஸ்.இ. என்றால் எதை முதலில் செய்வது

திண்டுக்கல்லில் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். என் தம்பிக்கும் தங்கைக்கும் பி.எக்ஸ்.இ. இருக்கிறது, முழுப் பெயர் சூடோசாந்தோமா இலாஸ்டிகம். எலும்பிலும் பல்லிலும் சேர வேண்டிய கால்சியம், இந்தப் பரம்பரை நோயில் தோலிலும் விழித்திரைக்கு அடியிலும் ரத்தக்குழாய்ச் சுவரிலும் உள்ள எலாஸ்டிக் நார்களில் படிந்து அவற்றை உடைக்கிறது. உலக அளவில் தோராயமாக 50,000 பேரில் ஒருவருக்கு இருக்கும் என்பார்கள். அபூர்வம் என்பதால் இதை நேரில் பார்த்தே இராத டாக்டர்கள் நிறைய. பாதி வழியைக் குடும்பத்தினரே விசாரித்துப் போக வேண்டியிருக்கிறது.

அந்த வழியில் எதை முதலில் செய்வது, ஜீன் ரிப்போர்ட் வந்தால் எந்த வரியைப் பார்ப்பது, யாரையெல்லாம் பரிசோதனைக்குக் கூப்பிடுவது என்று எழுதுகிறேன். ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன். இந்த ரிப்போர்ட்டால் நோயாளிக்கு வரும் பயனைவிட அவருடைய உடன்பிறந்தவர்களுக்கு வரும் பயன் பெரியது. பல வீடுகளில் ரிப்போர்ட் வந்ததும் ஃபைலில் போட்டு பீரோவில் வைத்துவிடுகிறார்கள். அது எனக்கு மிகவும் வருத்தமான விஷயம்.

தோலில் எங்கே பார்ப்பது

தம்பியின் கழுத்தில் இருந்தது இப்படி: காதுக்குக் கீழே, சட்டைக் காலர் உரசும் இடத்தில், வெளிர் மஞ்சளாகச் சின்னச் சின்னப் புள்ளிகள், ஒன்றோடொன்று சேர்ந்து கோடு கோடாக. விரலால் தடவினால் சொரசொரப்பு கிடையாது; மெத்தென்ற மேடுகள். கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தால் இறகு பிடுங்கிய கோழியின் தோல் மாதிரி இருக்கும். அரிப்பில்லை, வலியில்லை. பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே இருந்தது. தேமல் என்று களிம்பு, கொழுப்பு என்று ரத்தப் பரிசோதனை என வருடங்கள் ஓடின.

கழுத்துப் பக்கவாட்டில் இப்படி எதையாவது பார்த்தால் அக்குள், முழங்கையின் உள்மடிப்பு, தொப்புளைச் சுற்றி, தொடை இடுக்கு, முழங்காலின் பின்பக்கம் ஆகிய இடங்களையும் பாருங்கள். கீழ் உதட்டின் உள்பக்கத்திலும் மஞ்சள் புள்ளிகள் வரலாம். தோல் டாக்டர் அந்தப் புள்ளி உள்ள இடத்தில் சிறு துண்டு எடுத்து பயாப்ஸிக்கு அனுப்புவார். அனுப்பும்போது வான் கோசா சாயம் போட்டுப் பார்க்கும்படி எழுதச் சொல்லுங்கள். சாதாரணச் சாயத்தில் நார்கள் உடைந்திருப்பது தெரியலாம். அவற்றில் கால்சியம் படிந்திருப்பதை இந்தச் சாயம் கறுப்பாகக் காட்டிக்கொடுத்துவிடும்.

ஒரு கேள்வியை டாக்டர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லிவிடுங்கள்: வீட்டில் யாருக்காவது தலசீமியா என்ற பரம்பரை ரத்தசோகை உண்டா? பீட்டா தலசீமியா உள்ள சிலருக்கு இதே போன்ற தோலும் கண்ணும் வரும், அவர்களுடைய பி.எக்ஸ்.இ. ஜீனில் எந்தக் கோளாறும் இல்லாமலே.

ஜீன் பரிசோதனைக்கு முன்னால் கண்

தோலால் யாருக்கும் ஆபத்து இல்லை. பார்வையால் உண்டு. அதனால் பயாப்ஸி ரிப்போர்ட்டுக்குக் காத்திருக்கும் வாரத்திலேயே விழித்திரை டாக்டரிடம் போய்விடுங்கள். கண்ணாடிப் பவர் பார்க்கும் இடம் போதாது. சொட்டு மருந்து விட்டுக் கண்மணியை விரித்துப் பார்க்க வேண்டும், விழித்திரையை அடுக்கடுக்காகக் காட்டும் ஓ.சி.டி. ஸ்கேனும் எடுக்க வேண்டும். மதுரைப் பக்கம் இருப்பவர்களுக்கு அரவிந்த் கண் மருத்துவமனை இருக்கிறது; சென்னைக்காரர்களுக்கு சங்கர நேத்ராலயா.

விழித்திரைக்கு அடியில் ப்ரூக் சவ்வு என்று மெல்லிய படலம் ஒன்று உண்டு. அதில் கால்சியம் படிந்து இறுகினால் விரிசல் விடும். கண் நரம்பு நுழையும் இடத்திலிருந்து நாலா பக்கமும் ஓடும் அந்தக் கோடுகளுக்கு ஆஞ்சியாய்டு ஸ்ட்ரீக்ஸ் என்று பெயர். அவை வருவதற்குப் பல வருடம் முன்பே விழித்திரையின் வெளிப்பக்கம் ஆரஞ்சுப் பழத் தோல் போலப் புள்ளிப்புள்ளியாகத் தெரியத் தொடங்கும். ஸ்வீடனில் எஸ்டர் க்ரோன்பிளாட் என்ற கண் டாக்டரும் ஜேம்ஸ் ஸ்ட்ராண்ட்பெர்க் என்ற தோல் டாக்டரும் 1929-இல் சேர்ந்து பார்த்த பிறகுதான், இந்தத் தோலும் இந்தக் கண்ணும் ஒரே நோயின் இரு முகங்கள் என்பது தெரிந்தது. நூறு வருடத்துக்குப் பக்கமாகிறது. இன்றும் தோல் டாக்டரிடம் காட்டிவிட்டுக் கண்ணைக் காட்டாமல் வீட்டுக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள்.

விரிசல் மட்டும் இருந்தால் பார்வை பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். விரிசல் வழியாகப் புது ரத்தக்குழாய்கள் முளைத்துக் கசிந்தால்தான் பிரச்சினை. அதைப் பிடிக்க வீட்டில் செய்யக்கூடியது ஆம்ஸ்லர் கட்டம். கட்டம் போட்ட ஒரு தாள், நடுவில் ஒரு புள்ளி. எங்கள் வீட்டில் ஃப்ரிட்ஜ் கதவில் கண் மட்டத்தில் ஒட்டியிருக்கிறது. தம்பி காலையில் பால் எடுக்கும்போது படிக்கும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒரு முழத்துக்கும் குறைவான தூரத்தில் நின்று, ஒரு கண்ணைக் கையால் முழுதாக மூடி, மற்ற கண்ணால் நடுப்புள்ளியையே பார்ப்பான். அப்புறம் அடுத்த கண். இரண்டு கண்ணையும் திறந்து பார்த்தால் நல்ல கண் கெட்ட கண்ணை மறைத்துவிடும், அதனால் ஒவ்வொன்றாக. நேர்க்கோடு வளைந்தோ நெளிந்தோ தெரிந்தாலும், ஓர் இடம் மங்கி மறைந்தாலும் அன்றைக்கோ மறுநாளோ விழித்திரை டாக்டரிடம் இருக்க வேண்டும். கண்ணுக்குள் போடும் பெவாசிசுமாப், ரானிபிசுமாப், அஃப்ளிபர்செப்ட் ஊசிகள் கசிவை அடக்கும். சீக்கிரம் போட்டால் பார்வையைக் காப்பாற்றும், தழும்பான பிறகு போட்டால் இழந்தது திரும்பாது. இந்த ஊசிகள் இல்லாத காலத்தில் நடுப்பார்வை போனவர்கள் போனவர்கள்தான்.

தலையில் அடிபடும் விளையாட்டுகள் வேண்டாம். இறுகிய சவ்வு ஓர் அடியில் கிழியும். கபடி ஆடிக்கொண்டிருந்தவன் தம்பி. நிறுத்தியது அவனுக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது.

கோளாறு கல்லீரலில்

தோல், கண் என்று அலையும் நோயின் ஜீன் வேலை செய்வது முக்கியமாகக் கல்லீரலில். ஜீனின் பெயர் ஏ.பி.சி.சி.6, 16-ஆம் குரோமோசோமின் குட்டைக் கையில் இருக்கிறது. 2000-ஆம் ஆண்டில் கண்டுபிடித்தார்கள். அதற்குப் பின்னால் ஒரு குடும்பத்தின் உழைப்பு உண்டு. அமெரிக்காவில் ஷேரன் டெர்ரி, பேட்ரிக் டெர்ரி தம்பதியின் இரண்டு பிள்ளைகளுக்கும் 1994-இல் இந்த நோய் தெரியவந்தது. இருவரும் இந்தத் துறையில் படித்தவர்கள் இல்லை. 1995-இல் பி.எக்ஸ்.இ. இன்டர்நேஷனல் என்ற அமைப்பைத் தொடங்கி, பல நாட்டுக் குடும்பங்களின் ரத்த மாதிரிகளைத் திரட்டி ஆராய்ச்சியாளர்களுக்குக் கொடுத்தார்கள். ஜீனுக்கான காப்புரிமையில் ஷேரனின் பெயரும் இருக்கிறது. ரத்தம் கொடுக்கத் தயங்கும் உறவினர்களிடம் நான் இந்தக் கதையைச் சொல்வது வழக்கம்.

ஜீன் என்ன செய்கிறது? செல்லுக்குச் சக்தி தரும் ஏ.டி.பி. என்ற பொருள் கல்லீரல் செல்லிலிருந்து வெளியே வருவதற்கு அது வேண்டும். வெளியே வந்த ஏ.டி.பி.யை இ.என்.பி.பி.1 என்ற என்சைம் வெட்டினால் பைரோபாஸ்பேட் கிடைக்கும். கால்சியமும் பாஸ்பேட்டும் சேர்ந்து படிகமாவதைத் தடுப்பது இந்தப் பைரோபாஸ்பேட்தான். ஏ.பி.சி.சி.6 கெட்டால் ரத்தத்தில் அது குறைகிறது. தடுக்க ஆளில்லாமல் படிகம் நாரில் உட்காருகிறது. நெதர்லாந்து ஆராய்ச்சியாளர்கள் இதை 2013-இல் காட்டினார்கள். இதே சங்கிலியில் வேறு கண்ணிகள் அறுந்தால் வேறு நோய்கள் வரும். இ.என்.பி.பி.1 கெட்டால், பிறந்த குழந்தையின் பெரிய ரத்தக்குழாய்களிலேயே கால்சியம் படியும் கடும் நோய் வரும். என்.டி.5.இ. என்ற ஜீன் கெட்டால் கால் ரத்தக்குழாய்களிலும் மூட்டுகளைச் சுற்றியும் படியும். அதை 2011-இல் அமெரிக்காவில் கண்டார்கள்.

இதிலிருந்து நடைமுறைக்கு ஒரு விஷயம். பி.எக்ஸ்.இ. உள்ளவரின் ரத்தத்தில் கால்சியமும் பாஸ்பரஸும் பொதுவாகச் சரியாகவே இருக்கும். ரத்த ரிப்போர்ட் நார்மல் என்று நோய் இல்லை என நினைக்க வேண்டாம். பால், தயிர், கேழ்வரகை நிறுத்தவும் வேண்டாம். அதனால் எலும்புதான் கெடும். டாக்டர் சொல்லாமல் கால்சியம் மாத்திரை மட்டும் வாங்கிப் போடாதீர்கள்.

ரத்தம் கொடுக்கும் முன் குடும்ப மரம்

ஜீன் பரிசோதனைக்குப் போகும் முன் ஒரு முழுத்தாளில் குடும்ப மரத்தை வரைந்துகொள்ளுங்கள். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், நோய் உள்ளவருக்கு உள்ளே கறுப்பு, சொந்தத்தில் திருமணம் என்றால் நடுவில் இரட்டைக் கோடு. மூன்று தலைமுறையாவது வேண்டும். யாருக்குச் சின்ன வயதில் பார்வை போனது, யார் ரத்த வாந்தி எடுத்தார், யாருக்கு நடந்தால் கெண்டைக்கால் பிடித்தது என்றெல்லாம் பக்கத்தில் குறியுங்கள். இதற்குப் பாட்டிமார்களை விட்டால் ஆளில்லை. எங்கள் பெரியம்மா உட்கார்ந்து சொல்லச் சொல்ல நான் எழுதினேன். யார் யாரைக் கட்டினார்கள் என்பதில் அவர் சொன்னது ஒன்றுகூடத் தவறவில்லை.

எங்கள் அம்மா அப்பாவுக்கு மாமன் மகள். அப்பாவின் அம்மாவும் அம்மாவின் அப்பாவும் உடன்பிறந்தவர்கள். அவர்களைப் பெற்றவர் ஒருவரிடம் இருந்த ஒரே ஜீன் பிழை இரண்டு கிளையாக இறங்கி, என் தம்பியிடமும் தங்கையிடமும் வந்து சேர்ந்திருக்கிறது. பி.எக்ஸ்.இ. வர அம்மா வழிப் பிரதி, அப்பா வழிப் பிரதி இரண்டும் கெட்டிருக்க வேண்டும். ஒன்று மட்டும் கெட்டிருந்தால் கேரியர், நோய் வராது. நான் கேரியர்.

இந்த மரத்தைப் பார்த்துவிட்டு யார் மேல் பழி என்று வீட்டில் பேச்சு எழும். அதை வளரவிடாதீர்கள். சொந்தத்தில் கட்டியதால் பிழை உண்டாகவில்லை. ஏற்கெனவே இருந்த பிழை இரண்டு பக்கமும் சந்திக்கும் வாய்ப்புதான் கூடியது. சொந்தமே இல்லாத தம்பதிக்கும் இந்தக் குழந்தைகள் பிறக்கிறார்கள்.

ரிப்போர்ட்டில் எதைப் பார்ப்பது

பரிசோதனைக்கு ஊதா மூடி போட்ட குழாயில் கொஞ்சம் ரத்தம் எடுப்பார்கள். ரிப்போர்ட் வரச் சில வாரம் ஆகும். மரபியல் பிரிவு உள்ள இடத்தில், உதாரணமாக வேலூர் சி.எம்.சி.யில், ஆலோசனையோடு செய்வது நல்லது. கையில் வந்ததும் கடைசிப் பக்கத்து முடிவை மட்டும் படித்துவிட்டு மூடாதீர்கள்.

முதலில் எத்தனை பிழைகள் என்று பாருங்கள். தம்பியின் ரிப்போர்ட்டில் ஹோமோசைகஸ் என்று இருந்தது: இரண்டு பிரதியிலும் ஒரே பிழை. சொந்தத் திருமணக் குடும்பங்களில் பெரும்பாலும் இப்படித்தான் வரும். சிலருக்கு இரண்டு வெவ்வேறு பிழைகள் இருக்கும். அப்போது இரண்டும் ஒரே பிரதியில் இருக்கின்றனவா, வேறு வேறு பிரதியிலா என்று தெரிய வேண்டும். ஒரே பிரதியில் இருந்தால் இன்னொன்று நல்லதாக இருக்கிறது என்று பொருள். அம்மா அப்பாவின் ரத்தத்தைப் பார்த்தால்தான் இது தீரும். ஆகவே அவர்கள் இருக்கும்போதே கொடுத்து வையுங்கள்.

ஒரே ஒரு பிழை மட்டும் கிடைத்தால்? தோலும் கண்ணும் தெளிவாக நோயைக் காட்டும்போது ரிப்போர்ட்டில் ஒன்று மட்டும் இருந்தால், இன்னொன்றைப் பரிசோதனை தவறவிட்டிருக்கலாம். இந்த ஜீனில் அதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்று, 31 எக்ஸான்கள், அதாவது துண்டுகள், உள்ள இந்த ஜீனில் 23 முதல் 29 வரை ஒரேயடியாகக் காணாமல் போவது பலருக்கு இருக்கும் பிழை. எழுத்தெழுத்தாகப் படிக்கும் முறையில், மிச்சமிருக்கும் நல்ல பிரதியைப் படித்துவிட்டு எல்லாம் சரி என்று எழுதிவிட வாய்ப்புண்டு. எம்.எல்.பி.ஏ. என்ற பரிசோதனையோ, எக்ஸான் எண்ணிக்கை பார்க்கும் வேறு முறையோ செய்தார்களா என்று கேளுங்கள். இரண்டாவது, இதே குரோமோசோமில் ஏ.பி.சி.சி.6-இன் இரண்டு போலி ஜீன்கள் இருக்கின்றன. ஒன்றில் முதல் ஒன்பது எக்ஸான்களின் நகல், இன்னொன்றில் முதல் நான்கின் நகல். அந்தப் பகுதியில் ஒரு பிழை காட்டினால், அது உண்மையான ஜீனில் இருக்கிறதா போலியிலா என்று உறுதிசெய்தார்களா எனக் கேட்பது உங்கள் உரிமை. நான் கேட்டேன், ஆய்வகத்தில் பொறுமையாக விளக்கினார்கள்.

அடுத்து, பிழையின் தரம். நோய் உண்டாக்கும், அநேகமாக உண்டாக்கும், தெரியவில்லை, அநேகமாகத் தீங்கில்லை, தீங்கில்லை என்று ஐந்து படிகள். நடுவில் இருப்பதை வி.யு.எஸ். என்பார்கள். வி.யு.எஸ்.ஸை வைத்துக்கொண்டு கல்யாணத்தையோ கர்ப்பத்தையோ முடிவு செய்யாதீர்கள். சில வருடம் கழித்து அதே ஆய்வகத்தில் மறுபடி கேட்டால் தரம் மாறியிருக்கலாம். ஐரோப்பியர்களிடம் அதிகம் காணப்படும் ஆர்1141எக்ஸ் போன்ற பிழைகளில் இந்தச் சந்தேகமே இல்லை. 1141-ஆம் இடத்தில் ஆர்ஜினைனுக்குப் பதிலாக நிறுத்தக்குறி விழுந்து, புரதம் பாதியில் நின்றுவிடும். நம் ஊர்க் குடும்பங்களில் வருவது அதுவாக இருக்க வேண்டும் என்பதில்லை.

ஏ.பி.சி.சி.6-இல் எதுவுமே இல்லையென்றால் இ.என்.பி.பி.1, ஜி.ஜி.சி.எக்ஸ். என்ற இரண்டு ஜீன்களையும் பார்த்தார்களா என்று கேளுங்கள். ஜி.ஜி.சி.எக்ஸ். கெட்டால் தோல் இதே மாதிரி இருக்கும், கூடவே ரத்தம் உறைவதிலும் கோளாறு வரும்.

உடன்பிறந்தவர்களைக் கூப்பிடுங்கள்

அம்மா அப்பா இருவரும் கேரியர் என்றால் ஒவ்வொரு குழந்தைக்கும் நோய் வர 4-இல் 1 வாய்ப்பு. நோய் இல்லாத பிள்ளை கேரியராக இருக்க 3-இல் 2. குடும்பத்தின் பிழை எது என்று தெரிந்துவிட்டால் மற்றவர்களுக்கு முழு ஜீனையும் படிக்க வேண்டாம். அந்த ஓர் இடத்தை மட்டும் பார்த்தால் போதும், செலவும் குறைவு.

என் தங்கை தோலில் எதுவுமே இல்லை. கழுத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்த்திருக்கிறேன். தம்பியின் ரிப்போர்ட் வந்தபின் அவளும் ரத்தம் கொடுத்தாள். இரண்டு பிரதியும் கெட்டிருந்தன. விழித்திரை டாக்டர் அவள் கண் படத்தைத் திரையில் பெரிதாக்கி, இடது கண்ணின் ஓரத்தில் ஆரஞ்சுத் தோல் புள்ளிகளையும், நரம்புத் தலையிலிருந்து கிளம்பும் ஒரு மெல்லிய கோட்டையும் பேனா முனையால் காட்டினார். பார்வை 6/6. கண்ணில் கசிவு வருவதற்கு முன்பே அவளிடம் ஆம்ஸ்லர் தாள் வந்துவிட்டது. இதற்காகத்தான் உடன்பிறந்தவர்களைப் பற்றி முதலிலேயே எழுதினேன்.

கல்யாணப் பேச்சுக்கு வருவோம். தம்பிக்கு அத்தை மகளைக் கேட்கலாமா என்று பெரியவர்கள் பேசினார்கள். நான் தாளில் கணக்குப் போட்டுக் காட்டினேன். அப்பாவுக்குப் பிழை அவருடைய அம்மாவிடமிருந்து வந்தது. அப்படியானால் அத்தை கேரியராக இருக்க 2-இல் 1, அவர் மகளுக்கு 4-இல் 1. தம்பி கொடுப்பது எப்படியும் கெட்ட பிரதிதான். ஆக, பிறக்கும் குழந்தைக்கு நோய் வர 8-இல் 1. சொந்தமில்லாத பெண் என்றால், 50,000-இல் ஒருவர் என்ற கணக்கின்படி கேரியர்கள் ஏறத்தாழ 112-இல் ஒருவர். குழந்தைக்கு வாய்ப்பு 224-இல் 1. இரண்டுக்கும் உள்ள தூரத்தைப் பாருங்கள். அத்தை மகள் விரும்பிப் பரிசோதனை செய்து கேரியர் இல்லை என்று வந்தால், அந்தத் திருமணத்துக்கும் தடையில்லை. ஆனால் விருப்பம் அவளுடையது. கேரியர் என்ற சொல்லை ஊரில் பரப்பி ஒரு பெண்ணின் வாழ்க்கையைக் கெடுக்க யாருக்கும் உரிமையில்லை. ரிப்போர்ட்டுகளை வாட்ஸ்அப் குடும்பக் குழுவில் போடாதீர்கள்.

அப்பாவுக்கும் மகனுக்கும் அடுத்தடுத்து வந்திருக்கிறதே, இது இரண்டு பிரதி கெட வேண்டிய நோய்தானா என்று ஒருவர் கேட்டார். நோயுள்ளவர் ஒரு கேரியரைக் கட்டினால் குழந்தைகளில் பாதிப் பேருக்கு வர வாய்ப்புண்டு. சொந்தத்தில் கட்டும் குடும்பங்களில் இது நடக்கக்கூடியதுதான்.

மருந்துக்கடையிலிருந்து

பி.எக்ஸ்.இ.யில் இரைப்பையின் சின்ன ரத்தக்குழாய்களும் பலவீனமாகி, சிலருக்கு உள்ளே ரத்தம் கசியும். அதனால் தலைவலிக்கும் மூட்டுவலிக்கும் ஆஸ்பிரின், ஐபுபுரூஃபன், டைக்ளோஃபினாக் வாங்கிப் போடும் பழக்கத்தை விட வேண்டும். பாராசிட்டமால் பரவாயில்லை. கூட்டு மாத்திரைகளில் டைக்ளோஃபினாக் ஒளிந்திருக்கும். அட்டையின் பின்பக்கத்தைப் படியுங்கள். இதய டாக்டர் ஆஸ்பிரின் எழுதியிருந்தால் நீங்களாக நிறுத்தாமல் நோயைச் சொல்லி அவரிடமே கேளுங்கள். மலம் தார் மாதிரி கறுத்தால் உடனே மருத்துவமனை. இரும்புச்சத்து மாத்திரையாலும் கறுக்கும்; அது சாப்பிடுகிறவர்கள் அதையும் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

புகையிலை அறவே வேண்டாம். கால் ரத்தக்குழாய் சுருங்கினால் கொஞ்ச தூரம் நடந்ததும் கெண்டைக்கால் பிடிக்கும், நின்றால் விடும். கணுக்காலிலும் கையிலும் பிரஷர் பார்த்து ஒப்பிடும் எளிய பரிசோதனை இருக்கிறது, அதைக் கேளுங்கள். பிரஷர், சர்க்கரை, கொழுப்பு மூன்றையும் கட்டுக்குள் வைப்பது கேரியர்களுக்கும் நல்லது.

நோயைக் குணமாக்கும் மருந்து இன்றைக்கு இல்லை. எட்டிட்ரோனேட் என்ற பழைய எலும்பு மருந்தை நெதர்லாந்தின் உட்ரெக்ட்டில் 74 பேருக்கு ஒரு வருடம் சோதித்து 2018-இல் வெளியிட்டார்கள். மருந்து சாப்பிட்டவர்களின் ரத்தக்குழாய்க் கால்சியம் சற்றுக் குறைந்தது. வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களுக்குக் கூடியது. நம்பிக்கை தரும் செய்தி. ஆனால் எலும்பைப் பாதிக்கக்கூடிய மருந்து. டாக்டர் கண்காணிப்பில்லாமல் யார் கேட்டாலும் நான் கொடுக்க மாட்டேன். மக்னீசியம் பற்றியும் கேட்கிறார்கள். எலிகளில் பலன் தெரிந்தது; அதை நம்பிக் கண் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள்.

தங்கைக்கு இது கல்யாணமான புதுசு. பி.எக்ஸ்.இ. இருந்தால் பிள்ளை பெறக்கூடாது என்று யாரோ சொல்லி அழுதுகொண்டு போன் செய்தாள். அப்படி இல்லை, பெரும்பாலான கர்ப்பங்கள் நலமாகவே முடிகின்றன. கண்ணை முன்கூட்டியே பார்த்துவிட்டு, மகப்பேறு டாக்டரிடம் நோயைச் சொல்லிவைத்தால் போதும். அவள் கணவருக்கும் பரிசோதனை செய்தார்கள். அவர் கேரியர் இல்லை. அவர்களுக்குப் பிறக்கும் குழந்தைகள் எல்லோரும் கேரியராக இருப்பார்கள், நோய் வராது.

என் மகளுக்கு நான் இன்னும் பரிசோதனை செய்யவில்லை. என் கணவர் கேரியர் இல்லை என்று தெரிந்துவிட்டதால் அவளுக்கு நோய் வர வழியில்லை. கேரியராக மட்டும் இருக்கலாம். அது அவளுக்கு 18 வயது ஆனபின் அவளே தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம். குடும்பத்தின் பிழை இன்னது என்று எழுதிய ஒரு பக்கத்தின் நகலும், குடும்ப மரமும், ஆய்வகத்தின் பெயரும் ரிப்போர்ட் எண்ணும் ஒரு கவரில் அவள் பெயருக்கு வைத்திருக்கிறேன். உங்கள் வீட்டிலும் பிள்ளைக்கு ஒரு கவர் போட்டு வையுங்கள்.